இடது நட்டில் என் கட்டைவிரல்

ஜூலை 6, ஞாயிறு

அப்பா காலை விமானத்தில் சுரங்கத்துக்குப் போயாச்சு. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே போர்ட் பிரி வீட்டில். கராஜில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் உதிரி உதிரியாகக் கிடக்கிறது. துரு பிடித்த நட்டு போல்ட்டுக்கெல்லாம் துத்தநாக முலாம் போடுவது என் வேலை. முடிந்ததும் இருவருமாகப் பூட்டி, என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவார். அதுதான் ஒப்பந்தம்.

கிளம்பும்போது சொன்னார்: "கையுறை போட்டுக்க கீலி. விரல் எண்ணெய் பட்ட இடத்துல முலாம் ஒட்டாது. அப்புறம், ஜோடி ஜோடியாப் போடு. ஒண்ணுபோல வரணும்."

"சரிங்க முதலாளி."

ஜூலை 9

வாளியில் வினிகர், எப்சம் உப்பு, ஒரு பிடி சர்க்கரை. ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் செம்புக் கம்பியில் தொங்கும் போல்ட்டு, கரண்டுக்குப் பழைய போன் சார்ஜர். கராஜ் முழுக்க வினிகர் தெளித்துத் தருகிற சிப்ஸ் கடை வாசனை.

முதல் போல்ட்டை வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். "சுத்தம் போதாது. மறுபடி பண்ணு" என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது. பாராட்டு வரும் வழியில் இருந்திருக்கும்.

ஜூலை 11

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட். டோஸ்ட், அதில் தடவ வெஜிமைட், நான். பள்ளியில் என்னை 'நட்டு கழண்டவ' என்கிறார்கள். கழண்டது உண்மைதான், மொத்தம் நாற்பத்தாறு.

ஜூலை 22

அப்பா வந்திருக்கிறார். சர்க்கரை டப்பாவில் எப்சம் உப்பைக் கொட்டி வைத்தேன். ஒரு வாய் டீ குடித்துவிட்டு சிங்க்கில் துப்பினார். வழக்கமாக ஈரத் துண்டோடு என்னைத் துரத்துவார். இந்தத் தடவை கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் துணி துவைக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் அம்மாவும் பேசினார்கள். மெதுவாக. சண்டை போட்டிருந்தாலாவது காதில் விழுந்திருக்கும்.

ஜூலை 27

போய்விட்டார். கராஜுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு முடிந்திருக்கிறது என்று சொல்ல வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 10

இன்று வரவேண்டிய நாள். வரவில்லை.

அம்மா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா சுரங்கத்துப் பக்கம் கராத்தாவுல வீடு எடுத்துட்டாரும்மா. இனிமே அங்கதான். எனக்கும் அவருக்கும் ஒத்து வரல. உன்மேல எந்தத் தப்பும் இல்ல."

அப்படின்னா அந்த உப்பு? வேற ஏதாவது ஒரு நாள் பண்ணியிருக்கக் கூடாதா நான்?



ஆகஸ்ட் 16

அப்பா போன். பள்ளிக்கூடம் எப்படி, சாப்பிட்டியா. கடைசியில், "வண்டிய ஏத்திட்டு வர வெய்ன வரச் சொல்லியிருக்கேன்." வெய்ன் அவருடைய சிநேகிதர், லாரிக்காரர்.

"இன்னும் ரெண்டு நட்டு பாக்கி இருக்குப்பா."

"இருக்கட்டும். பரவாயில்ல."

ஜோடி ஜோடின்னு உயிரை வாங்குன ஆளுக்கு இப்ப பரவாயில்லையாம்.

ஆகஸ்ட் 19

பாக்கி இரண்டும் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தலையில் உட்காரும் பெரிய நட்டுகள். ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இடதைப் பளபளவென்று தேய்த்தேன். கையுறையைக் கழற்றினேன். நெற்றியில் தேய்த்த கட்டைவிரலை அதன் நடுவில் அழுத்திவிட்டு வாளிக்குள் இறக்கினேன். வெளியே எடுத்தால் சுற்றிலும் வெள்ளை முலாம், நடுவில் கறுப்பாக என் ரேகை, ஒரு வரி விடாமல்.

வலது நட்டைத் துருவோடு அப்படியே பெட்டியில் போட்டேன். பார்த்துக் கடுப்பாகட்டும்.

ஆகஸ்ட் 20

வெய்ன் எல்லாவற்றையும் ஏற்றினார். "ஏதாவது சொல்லணுமாம்மா அப்பாகிட்ட?"

"நட்டு கழண்டுடுச்சுன்னு சொல்லுங்க."

சிரித்துவிட்டுப் போனார். கராஜ் தரையில் எண்ணெய்க் கறை மட்டும்.

செப்டம்பர் 14

யாரையும் கலாய்க்கவில்லை. ஆள் இல்லை.

அக்டோபர் 12

அப்பாவிடமிருந்து ஒரு போட்டோ. எழுத்து ஒன்றும் இல்லை. வண்டி முழுசாகப் பூட்டி, செம்மண் ரோட்டில் நிற்கிறது. ஹேண்டில் பக்கம் பெரிசாக்கிப் பார்த்தேன். இடது நட்டில் என் கட்டைவிரல், மாற்றாமல் அப்படியே.

வலது நட்டில் துரு இல்லை. அதிலும் முலாம், அதன் நடுவிலும் கறுப்பாக ஒரு ரேகை. என்னுடையதைவிட இரண்டு மடங்கு அகலம், குறுக்கே அப்பா கட்டைவிரலில் இருக்கிற பழைய வெட்டுத் தழும்போடு.

பதில் போட்டேன்: "சுத்தம் போதாது. மறுபடி பண்ணு."

உடனே போன் அடிக்கிறது.