உள்ளே விட்ட துணி

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். முந்தைய கடிதங்களிலும் இதையேதான் எழுதினேன், அப்போது அது சம்பிரதாயம், இப்போது செய்தி.

உன் தம்பி, நம் கடைக்குட்டி, காய்ச்சலில் போன நாள் முதல் அம்மா அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. இதை உன்னிடம் மறைத்திருந்தேன். வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன், ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணமான ஆண்கள் வேண்டிக்கொள்ளும் வரம்தான், கிடைத்தபோது திட்டே தேவலை என்றிருந்தது. இவளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்து, புத்த மடத்துப் பிக்குணியிடம் போய் நின்றேன். மடத்தின் பின்புறம் குழந்தை முகத்தோடு சின்னச் சின்னக் கற்சிலைகள் இருக்குமே, இறந்த பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் போதிசத்துவராம். பெற்றவர்கள் தங்கள் கையால் சிவப்புத் துணியில், சோறூட்டும்போது குழந்தைக்குக் கழுத்தில் கட்டுவோமே, அதுபோல ஒன்று தைத்துச் சிலைக்குக் கட்டி, பிள்ளையின் பெயரைச் சொல்லி, இந்தப் புண்ணியம் அவனைச் சேரட்டும் என்று வேண்ட வேண்டும் என்றார். தையல்தானே என் பிழைப்பு, டேப்போடு போய்ச் சிலைக்குக் கழுத்தளவு எடுத்தேன். ஆடாமல் அசையாமல் அளவு கொடுத்த முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

நேற்று அம்மாவும் நானும் கட்டப் போனோம். பிக்குணி சூத்திரம் ஓதத் தொடங்கினார். கடையில் என் தையலைச் சரிபார்ப்பது அம்மாதானே, அந்தப் பழக்கத்தில் துணியை என் கையிலிருந்து வாங்கியதும் திருப்பிப் பார்த்தாள். எதுக்குங்க உள்ள இவ்வளவு துணி விட்டிருக்கீங்க என்றாள். நானும் யோசிக்காமல், வளர்ற பிள்ளை, அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கலாம் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஏங்க, கல்லு வளருமா, இத்தனை வருசம் மெஷின் மிதிச்சு என்னத்தக் கண்டீங்க என்று ஆரம்பித்தவள், பாதியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிக்குணி நிறுத்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். பிரிச்சுத் தைக்கட்டுமா என்று கேட்டேன். வேணாம், இருக்கட்டும் என்று அவளே கட்டி, அவன் பெயரை உரக்கச் சொன்னாள். அவன் போன பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் நேற்றுத்தான் கேட்டேன். முடிச்சு கோணல், நான் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வழியெல்லாம் திட்டு. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், அவருக்கு என்ன தெரியும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து வாழுங்கள். ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்வாள். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து மெலிந்துவிட்டாய் என்பாள், யாரைக் கேட்டு முடியை வெட்டினாய் என்பாள். எதிர்த்துப் பேசாதே. தம்பியைப் பற்றி எடுத்தால் பேச்சை மாற்றாமல் நீயும் பேசு.

இப்படிக்கு,
மறுபடியும் திட்டு வாங்கத் தொடங்கியிருக்கும்
உன் அப்பா