மூன்று மைலுக்கு ஒருமுறை

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து கொட்டமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். விளக்கெண்ணெய் வாடை சந்து முழுக்க நிற்கிறது. கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். புழுக்கம்தான் மிச்சம். நீ செத்து நாற்பது நாள் ஆகிறது. இனியும் தள்ளிப்போட என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.

அந்த மோட்டார் சைக்கிளை நீ ஏலத்தில் எடுத்துக் கட்டைவண்டியில் ஏற்றி, தர்மபுரியில் நான் வேலை பார்த்த பஸ் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சீமைக்குத் திரும்பிப் போன யாரோ ஒரு இஞ்சினியரின் பங்களாக் கொட்டகையில் ஏழெட்டு வருஷம் கிடந்த வண்டி. சைலன்சருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. நீயோ ஏரியூர்ப் பக்கம் ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து அம்மை குத்துகிற உத்தியோகஸ்தன். முழங்கால் தேய்ந்துபோச்சு, இதை எப்படியாவது எழுப்பிக் கொடு என்றாய். இது எழுந்திருக்கிறதுக்குள்ளே நமக்குப் பல் விழுந்துவிடும் என்றேன்.

ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாய். யுத்தக் காலம், ஒரு நட்டுகூடக் கிடைக்காது. உடைந்த பஸ் எஞ்சினின் வார்ப்பிலிருந்து பிஸ்டன் ரிங்கை அராவி அராவி நான் எடுத்தேன். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் கம்பிச்சுருளைப் பிரித்து, இழை இழையாக நீ திரும்பச் சுற்றினாய். உன் கையில் இருந்த பொறுமை என் கையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடைசியில் ஆள் உட்காரும் பக்கத்துப் பெட்டியையும் பூட்டினோம்.

அந்தக் காலத்து வண்டியில் எண்ணெய் தானாக எஞ்சினுக்குப் போகாது. டாங்கியின் மேல் ஒரு கைப்பம்பு இருக்கும். ஓட்டுகிறவன் மூன்று மைலுக்கு ஒருமுறை அதை உள்ளங்கையால் அமுக்கினால், மெல்லிய செம்புக் குழாய் வழியாக எண்ணெய் இறங்கும். மறந்தால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். இதை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

எஞ்சின் எண்ணெயும் கிடைக்கவில்லை. விளக்கெண்ணெய் ஊற்றலாம் என்று பெங்களூர் மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் தொட்டியையும் குழாயையும் முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிட வேண்டும், பழைய எண்ணெயோடு சேர்ந்தால் திரிந்துபோய்க் குழாயை அடைத்துவிடும் என்றும் சொன்னார். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிட்டவள், தன் கையாலேயே கொட்டமுத்தைக் காய்ச்சி இரண்டு படி எண்ணெய் கொடுத்தாள். கூப்பனுக்குக் கிடைத்த மண்ணெண்ணெய்ப் புட்டியையும் நீட்டினாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம்.

“வூட்டு வெளக்குக்கு என்ன பண்ணுவம்மா?” என்று கேட்டேன்.

“இருட்டுல கெடந்தா கெடக்கறம்ங்கண்ணா. வண்டியெ நல்லா களுவுங்க.”

நான் கழுவவில்லை. தொட்டியைச் சாய்த்துத் துணியால் துடைத்தேன், பார்வைக்குச் சுத்தமாக இருந்தது, போதும் என்று விளக்கெண்ணெயை ஊற்றினேன். என் வீட்டிலும் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்திருந்தது. அவள் கொடுத்த மண்ணெண்ணெய்ப் புட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். இதை எந்த வார்த்தையில் சொன்னாலும் திருட்டுதான்.

மூன்று மாதம் வண்டி ஓடியது. பிறகு ஒரு நாள் விடிந்ததும் அவளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றாள் மருத்துவச்சி. பக்கத்துப் பெட்டியில் தலையணை போட்டு அவளை உட்காரவைத்து ஓட்டினாய். பென்னாகரம் தாண்டி, இண்டூர் வருவதற்குள் எஞ்சின் இறுகி நின்றது. பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடிய அந்தக் காலத்துக் கரி பஸ் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. நீ ஓடித் தேடி ஒரு மாட்டுவண்டி பிடித்து வருவதற்குள் உச்சிவெயில் ஆகிவிட்டது. அந்த மாட்டுவண்டியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று.

வண்டி ஷெட்டுக்கு வந்ததும் நான் தனியாகத்தான் திறந்தேன். செம்புக் குழாயைக் கழற்றியவுடன், பம்பை ஒட்டிய பாதியிலிருந்து புது விளக்கெண்ணெய் என் மணிக்கட்டில் பீச்சி அடித்தது. அதற்குக் கீழே கருப்பாகத் திரிந்த கசடு. அதற்கும் கீழே ஈரமே இல்லை. நீ அமுக்கியிருக்கிறாய். அவள் அலறலுக்கு நடுவிலும், மைல் கல்லைப் பார்த்துப் பார்த்து, ஒன்று விடாமல் அமுக்கியிருக்கிறாய்.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்து ஷெட்டு வாசலில் நின்றாய்.

“பம்ப அமுக்குனனா இல்லியான்னு நெனப்பே வர்லடா. நீதான் தெறந்து பாத்தியே. என்ன ஆச்சு?”

“எண்ணெ எறங்கலடா” என்றேன். அது பொய் இல்லை.

“அப்ப நாந்தான் மறந்துட்டேன்.”

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் துடைத்தேன். நீ போகும்வரை துடைத்தேன்.

அதற்குப் பிறகு நீ வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்டாட்டியைக் கொன்னவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். எத்தனையோ தடவை நாம் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம். மூன்று மைல் ஆனதும் உன் உள்ளங்கை உன் தொடையை ஒருமுறை அழுத்தும். உனக்கே தெரியாமல் அழுத்தும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சொல்ல வாயெடுத்த நாட்கள் உண்டு. சொன்னால் உன்னை இழந்துவிடுவேனே என்று பயந்தேன். உன் நிம்மதியைவிட உன் சிநேகிதம் எனக்குப் பெரிதாகப் போயிற்று.

சாவுக்கு வந்தேன். பாடையில் வைக்கும்வரை பக்கத்தில்தான் நின்றேன். அப்போது உன் அக்கா மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா கடைசியா உங்களப் பத்தித்தாங்க சொல்லிட்டிருந்தாரு. ‘நாஞ் செஞ்ச தப்ப ஒரு நாளும் குத்திக் காட்டாதவன் அவன் ஒருத்தன்தான்’னாரு.”

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒரு அம்மாள் அழுதாள். நான் தலையை ஆட்டினேன். அந்த நல்ல பெயரோடுதான் இன்னும் இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.