உனக்குப் பின்னால் நின்றவர்

என் சுண்டெலிக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்கவேண்டுமாம். நான் நலமில்லை. ஆனால் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். உன் மாமாவுக்கு இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. என் மகள் உன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பரீட்சைக்குப் படிக்கிறாள், துவைக்கக் கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். உன் நலத்தை நான் யாரிடம் கேட்பது? போர் முடிந்தது, உன்னைப் புதைத்த இடத்தில் வீரன் என்று பட்டம் வெட்டிய கல்லும் வைத்துவிட்டார்கள். நான்தான் இன்னும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன்.

எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்காதே. நான் ஐந்தாவதோடு நின்றவள். நீதான் மேலே படித்தாய். மேலே மேலே போய், ஆகாயத்திலிருந்து குதிக்கிற வேலையில் சேர்ந்தாய்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு ஆள். யாரிடமும் சொல்லி ஆறவில்லை.

உன் படையில் பிழைத்து வந்தவர்கள் எல்லாருடைய குடும்பங்களையும் ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். குதிக்கும் முன்னால் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகிலுள்ள பாராசூட் மூட்டையைப் பார்த்து, வாரையும் கொக்கியையும் இழுத்துப் பார்த்து, சரியென்றால் தோளில் தட்டுவீர்களாமே. தன் முதுகு தனக்குத் தெரியாதல்லவா. அதே வழக்கத்தை இப்போது வீடுகளுக்கும் வைத்துவிட்டார்கள். விமானத்தில் பின்னால் நின்றவர் வீட்டிலிருந்து முன்னால் நின்றவர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போன் செய்யவேண்டும். பிள்ளை திரும்பி வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

நான் பல்லனுடைய அம்மாவைக் கூப்பிடவேண்டும். போட்டோவில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறானே, அவன்தான் உனக்கு முன்னால் நின்றவன். அவனும் வரவில்லை. அந்த அம்மாவுக்குக் காது மந்தம். மாத்திரை போட்டீங்களா என்று நான் கேட்டால் எங்கள் தெருவே பதில் சொல்லும். பேசி முடித்ததும் நான் “தட்டியாச்சு” என்று சொல்லவேண்டும். அவர் “வாங்கியாச்சு” என்று சொல்லி வைப்பார். முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பிறகு அந்த ஒரு வார்த்தைக்காகவே ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தது.

என்னைக் கூப்பிட்டவர் ஒரு ஆண். உங்க தம்பிக்குப் பின்னாடி நின்னவன்க்கா என்றுதான் முதல் நாள் சொன்னார். பெயர் சொன்னதில்லை. உன் மாமா அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்காரர் என்று பெயர் வைத்தார். நல்ல மரியாதையான பேச்சு. ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும். சின்ன வயசுல அவனுக்கு உயரம்னா பயமா? மரம் ஏறுவானா? ஏதாவது செய்யப் போறப்ப நடுவுல நின்னுடுவானா? ஒரு வாரம் கேட்டால் பாசம் என்று நினைக்கலாம். வாராவாரம் கேட்டால் என்ன நினைப்பது?

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கிறவளிடம் சொன்னேன். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “காரணமில்லாம எவன்க்கா கூப்புடுவான்? ஏதோ தோண்டுறான். பயந்தாங்கொள்ளின்னு உன் வாயாலயே வாங்கி எழுதிக்கிட்டு, கல்லுல வெட்டியிருக்கற பட்டத்தைச் சுரண்டிடப் போறாங்க, பாத்துக்கோ” என்றாள். எனக்கு அன்று முழுக்க இஸ்திரி ஓடவில்லை. அதன்பிறகு அவர் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னேன். என் தம்பிக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுங்க. நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். அந்தப் பெருமூச்சின் மேலும் எனக்குச் சந்தேகம்.

போன மாதம் எல்லாக் குடும்பங்களையும் ஒரு கூடத்துக்கு அழைத்தார்கள். நானும் உன் மாமாவும் பஸ் மாறி மாறிப் போனோம். உள்ளே நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாக, விமானத்தில் நீங்கள் நின்ற மாதிரியே போட்டிருந்தார்கள். பல்லனுடைய அம்மா என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டார். “குரலைக் கேட்டு யானை மாதிரி இருப்பேன்னு நெனச்சேன், குச்சியா இருக்கியேம்மா” என்றார். அவருக்குப் பின்னால் என் நாற்காலி. எனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர். சுவரில் ஒரு மின்விசிறி சுவிட்சு. அவ்வளவுதான்.

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கைத்தடிக்காரர் உன்னோடு குதித்தவர். ஒரு நாற்காலி குறைகிறதே என்று அவரிடம் சொன்னேன். “குறையலக்கா. உங்க தம்பிதான் கடைசி. கடைசி ஆளுக்குப் பின்னாடி ஏது ஆளு? அவனுக்கு முன்னாடி நிக்கிறவனே திரும்பி அவன் முதுகையும் பாத்துடுவான்” என்றார். அப்படியானால் இத்தனை நாளாக என் வீட்டுக் கதையையெல்லாம் யாரிடம் கொட்டிக்கொண்டிருந்தேன்?

அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல் கூடத்தின் வாசலில் கேட்டது. நெட்டையான ஆள், வருகிறவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு அடிகூட வைக்கவில்லை. நான் நேராகப் போய், பின்னாடி நின்னேன்னு சொன்னீங்களே, சுவத்துக்குள்ளயா நின்னீங்க என்று கேட்டேன். அவர் டீத் தட்டைக் கீழே வைத்தார். வெளியே குழாயடிக்குக் கூட்டிப்போனார். உன் மாமாவும் கூடவே வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக.

அவர் குதிக்கிறவர் இல்லையாம். கதவருகே நின்று ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் விமானத்தோடு திரும்பி வருகிறவராம். பல்லன் வரைக்கும் எல்லாரும் போய்விட்டார்களாம். நீ கதவில் நின்றுவிட்டாயாம்.

“கதவு ரெண்டு பக்கத்தையும் பிடிச்சுக்கிட்டு நின்னான்க்கா. கீழ சுட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் அவன் முதுகுல கை வச்சேன். அடுத்த நிமிஷம் அவன் வெளிய இருந்தான். குடை விரிஞ்சதை என் கண்ணால பாத்தேன். ஆனா அவன் நின்ன நேரத்துக்குள்ள விமானம் ஆத்தைத் தாண்டிடுச்சு. கூட்டத்தை விட்டு, எதிரி இருந்த கரையில தனியா இறங்கிட்டான். நான் கை வைக்காம இருந்திருந்தா என்கூடவே திரும்பி வந்திருப்பான். தட்டினேனா, தள்ளினேனான்னு எனக்கே தெரியலக்கா.”

அதைக் கேட்டபோது நான் அழுததாக நினைக்காதே. குழாயை இறுக்கி மூடினேன். அது சொட்டிக்கொண்டே இருந்தது.

வரிசையில் கடைசி என்பதால் எனக்குப் போன் செய்ய எந்த வீடும் இல்லையாம். அதனால் அந்த இடத்தை அவராகவே எடுத்துக்கொண்டாராம். குடும்பங்களைக் கோத்து வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீ தானாகக் குதித்தாய் என்றுதான் அவர் படைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “பயமே தெரியாதவன்னு நீங்க சொல்லுவீங்க இல்லையா, அதை வச்சுத்தான் நான் தூங்குறேன். பயப்படாதவன்னா அவனாத்தான் போயிருப்பான். நிஜமாவே அவனுக்குப் பயம் கிடையாதா?” நான் உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். முதுகு முழுவதும் குளிர்ந்தது.

பஸ்ஸில் உன் மாமாவிடம், இந்த ஆள் சொல்வதை நம்பலாமா என்று கேட்டேன். “பொய் சொல்றவன் தன்னை நல்லவனாக் காட்டத்தான்டி பொய் சொல்லுவான். இப்படி ஒரு பொய்யை எவன் சொல்லுவான்?” என்றார். நியாயம்தான். ஆனால் எனக்கு ஆறவில்லை. தள்ளியது நன்றாகவே தெரிந்துகொண்டு, என்னிடம் மன்னிப்பு வாங்குவதற்காகத் தெரியாது என்று சொல்கிறாரோ? அல்லது நீ தானாகக் குதித்திருந்தும், உன் சாவில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாரோ? துக்கத்தில் ஆட்கள் எதையும் பிடித்துக்கொள்வார்கள். நான் உன் செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லையா?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் நான் எடுக்கவில்லை. என் தோளில் தட்டு விழாமல் நான் எப்படி அடுத்தவரைத் தட்டுவது என்று பல்லனுடைய அம்மாவையும் கூப்பிடவில்லை. நேற்று அவரே முறையை மீறி என்னைக் கூப்பிட்டுவிட்டார். “ஏம்மா, வரிசையில ஓட்டை விழுந்துடுச்சா? உன் போன் வந்தாத்தானே நான் எனக்கு முன்னாடி இருக்கறவளைக் கூப்பிட முடியும்? அவ மூணு பிள்ளைகளை வச்சுக்கிட்டு ஒத்தையா இருக்கா. நான் கூப்பிடலைன்னா அவ யாரையும் கூப்பிட மாட்டா. உனக்கு என்ன கோவம் வேணா இருக்கட்டும், முன்னாடி நிக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க?” என்று கத்தினார். நான் காரணம் சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

நாளைக்கு ஞாயிறு. போனை எடுக்கத்தான் போகிறேன். எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்காரர் உன் பயத்தைப் பற்றித்தான் கேட்பார்.

உனக்குப் பயம் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறமாட்டாய். குளத்து மதிலில் நின்று மற்ற பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடுவாய். சில நாள் இறங்கி வந்து என் பாவாடையில் முகத்தைத் துடைப்பாய். எந்த நாள் எது என்று உனக்கே முன்கூட்டித் தெரியாது. நான் கீழே நின்றுகொண்டு வா வா என்று கூப்பிட்டதெல்லாம் உனக்குக் கேட்டதோ என்னவோ. இதை அவரிடம் சொன்னால் அந்த ஆள் உடைந்துவிடுவார். சொல்லாவிட்டால் நான் அவருக்குப் பொய்யைக் கொடுத்துத் தூங்கவைக்கிறவள் ஆகிறேன். அவர் உடைந்தால் எனக்கு என்ன என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்தையும் நான் நம்பவில்லை.

நீ இருக்கிற இடம் எதுவானாலும் அங்கே உயரம் இல்லாமல் இருக்கட்டும். தரை காலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பல்லனை விட்டுப் பிரியாதே. உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா, இத்தனையும் எழுதிவிட்டு, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கை உன் முதுகில் பட்டபோது, உன் கால் ஏற்கெனவே கதவைத் தாண்டியிருந்ததாடா?