பதினோராம் பக்கத்து வருத்தம்

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிட்டு அழுதுவிடுவேன். அந்தச் சுகம் உனக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மாணவனின் கையை அடித்து முறித்த நீச்சல் பயிற்சியாளர் கைது என்று உன் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. செய்தி சரிதான். கைதானவன் உன் அத்தானோடு வேலை பார்த்தவன். ஆனால் படத்தில் வட்டம் போட்டிருப்பது உன் அத்தான் முகத்தைச் சுற்றி! அதுவும் எந்தப் படம்? அவரிடம் நீச்சல் பழகும் பிள்ளைகள் கோப்பை வாங்கியபோது, விளையாட்டுப் பக்கத்தில் போடச் சொல்லி நான் உனக்கு அனுப்பிய படம். அன்றைக்கு இடமில்லை என்றாய். இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இடம்?

நேற்று ஒரு தாய் நீச்சல் குளத்துக்கே வந்து தன் மகளைத் தண்ணீரிலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். "கொஞ்ச நாள் வீட்ல இருங்க சார்" என்று நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டது. அதே முதல் பக்கத்தில், அதே அளவில் திருத்தம் போடு.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கும் வருத்தம்தான். "இடமிருந்து இரண்டாவது" என்று குறிப்பு எழுதியது நான். அது சரியான குறிப்பு. ஆனால் படத்திலிருந்த பயிற்சியாளர்கள் நால்வரும் பக்கத்துக்கு வெளியே பார்த்தபடி நின்றார்கள். முகங்கள் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் வடிவமைப்பாளர் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு வட்டம் போட்டவர் என் குறிப்பைப் பார்த்து இரண்டாவது ஆளுக்குப் போட்டார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

திருத்தம் பதினோராம் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லாத் திருத்தங்களும் அங்கேதான் வரும்.

அன்புத் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

பார்த்தேன். வானிலைக்கும் 'வீடு வாடகைக்கு' விளம்பரத்துக்கும் நடுவில் ஒளிந்திருந்தது. "வட்டமிடப்பட்டவர் கைதானவர் அல்ல. வருந்துகிறோம்." அவர் யார் என்றுகூடச் சொல்லவில்லை. பழியை ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டு, மன்னிப்பைக் காதோடு காதாகச் சொல்கிறீர்கள். வெட்கமாயில்லை?

அச்சுக்குப் போகுமுன் எல்லாப் பக்கமும் உன் கண்ணில் பட்டுத்தான் போகும் என்று பீற்றிக்கொள்வாயே. நீ படித்து முடிக்கும்வரை உன்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்ட மனிதரின் முகம் உனக்கு அடையாளம் தெரியவில்லையா? அவர் இப்போது காய் வாங்கக்கூட வெளியே போவதில்லை. யாராவது கதவைத் தட்டினால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறார்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

நான் பார்த்தது தலைப்பை. படத்தைப் பார்க்க நேரமில்லை. நீயும் கொஞ்சம் புரிந்துகொள். வாசகர் கொடுக்கும் விலை காகிதச் செலவுக்கே காணாது. முதல் பக்கத்தின் கீழ்ப்பாதி விளம்பரக்காரர்கள் கையில், மேல்பாதி முதலாளி கையில். அவரிடம் கேட்காமல் இல்லை. "முதல் பக்கத்துலயே மன்னிப்பு கேட்டா, மிச்சப் பக்கத்தை எவன்யா நம்புவான்?" என்றார். நான் என்ன செய்ய?

அடுத்த வாரம் வேறு செய்தி வரும், ஊர் மறந்துவிடும். அவ்வளவு அவசரமென்றால் விளம்பரமாகக் கொடு. காசு கட்டினால் எதையும் போடுவார்கள். அதையெல்லாம் நாங்கள் படித்துக்கூடப் பார்ப்பதில்லை.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

உன் யோசனைப்படியே செய்துவிட்டேன். வரும் ஞாயிறு, முதல் பக்கம், உன் படத்துடன். நீ சொன்னது உண்மைதான், யாரும் படித்துப் பார்க்கவில்லை. இங்கே உள்ள கிளை அலுவலகத்துப் பெண் "படம் தெளிவா இருக்கு மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

வாசகம் இது: "படத்தில் இருப்பவர் இந்தப் பத்திரிகையின் செய்தி ஆசிரியர். குற்றமற்ற என் கணவரைக் குற்றவாளி என்று அச்சடித்தவர். இன்றுமுதல் இவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை."

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். நிறுத்த நேரமிருக்கிறது. அவருக்காகச் செய்யாததை உனக்காகச் செய்கிறாயா என்று பார்க்கிறேன்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நல்லவேளை, நீ எழுதியது சரியான நேரத்தில் கிடைத்தது. முதலாளியிடம் ஓடினேன். படித்துப் பார்த்து அவரே போனை எடுத்து நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு கட்டில் கடை விளம்பரம் போட்டுச் சமாளித்தோம். உன் தொகை திரும்பி வரும்.

கோபத்தில் நீ யோசிக்கவில்லை, அக்கா. முதல் பக்கத்தில் ஒரு முகம் வந்துவிட்டால் அதை ஜென்மத்துக்கும் துடைக்க முடியாது. என் மகள் பள்ளிக்குப் போக வேண்டாமா? நான் வெளியில் தலைகாட்ட வேண்டாமா?

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புத் தம்பி


மார்ச் 25

ஐயா,

உங்கள் கடிதத்தை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "அப்ப, நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன்.

இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளரின் மனைவி