வாளியில் பால் இருந்ததா?

இன்று காலை கோட்டுப்பால், அதாவது கட்டிபோன ரப்பர் பால், ஏற்றிவந்த லோரி ஒன்று லாயாங்-லாயாங் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் பழுதாகி நின்றுவிட்டது. வெயில் ஏற ஏற அந்த நாற்றம் கடைத்தெரு முழுக்கப் பரவியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். நான் மட்டும் நின்றேன். குளுவாங் விசாரணை அறையில் நீங்கள் சாக்கை அவிழ்த்தபோது வந்ததும் இதே நாற்றம்தான்.

நீங்கள் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். துரையின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர் நமக்கு நல்லவராக இருக்க முடியாது என்றுதான் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன்.

தோளில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கிய இரண்டு வாளிப் பாலோடு, பாலை நிறுக்கும் ஸ்டோருக்குப் போகையில் கால்வாய்ப் பலகை முறிந்தது. கீழே கல். முழங்காலுக்குக் கீழே எலும்பு போய்விட்டது. மூன்றாம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்தீர்கள். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை.

"விழும்போது வாளியில பால் இருந்துச்சாம்மா?" என்றீர்கள்.

முந்தின மாதம் பாலைக் கொட்டிவிட்டாள் என்று என் பக்கத்து மர நிரையில் வெட்டுகிறவளுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான், போட்டார்கள். எனக்கும் அதற்குத்தான் வலை விரிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"இல்லைங்க. பால ஊத்திட்டு வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"இல்லன்னா இல்லதாங்க."

நான் சொன்னதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, கதவுவரை போய் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். தப்பித்தோம் என்று நான் பெருமூச்சு விட்டேன். எந்தக் குழியில் என் காலை நானே வைத்தேன் என்று அப்போது தெரியாது.

நஷ்டஈட்டு விசாரணைக்குக் குளுவாங் போனபோதுதான் தெரிந்தது. வேலையினால் உண்டாகி, வேலையின் போக்கில் நேர்ந்த காயத்துக்குத்தான் நஷ்டஈடு என்று சட்டம் சொல்கிறதாம். மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு முறை சொல்லியும் எனக்குப் புரியவில்லை. போக்கு என்றால் எதுவரை? கடைசி மரத்தோடு முடிகிறதா, ஸ்டோர் வாசலிலா, லயத்துக் கதவிலா? விசாரித்த வெள்ளைக்கார அதிகாரியான துவானுக்கே அதில் குழப்பம் இருந்தது. தோட்டத்துக்காகப் பேச வந்த வக்கீலுக்கு இல்லை. "வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள். அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்" என்றார்.

அப்போதுதான் காகிதங்களோடு உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் சாக்கை அவிழ்த்து, நசுங்கிப்போன வாளி ஒன்றை மேசைமேல் வைத்தீர்கள். வெளியே என் நம்பர். உள்ளே கட்டிப்போய்க் கறுத்த பால்.

"பலகைக்கு அடியில கெடந்துச்சு, துவான். நானே எடுத்தேன்."

துரையின் முகம் சிவந்தது. துவான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பால் இருந்ததா என்று மறுபடி அதே கேள்வி. இதுவும் ஒரு தந்திரமோ என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இருந்துச்சுங்க. ரெண்டு வாளியும் நெறைய இருந்துச்சு. கொட்டினதுக்குப் பேர வெட்டிடுவாங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

பாலைச் சுமந்து போவது வேலையின் போக்குதான் என்று எனக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இரண்டே மாதத்தில் உங்கள் வேலை போனது. காஹாங் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று கைத்தடியோடு வந்தேன்.

"எதுக்குங்க செஞ்சீங்க?"

"நீ வீட்டுக்குப் போறப்ப விழுந்தேன்னு துரை எழுதச் சொன்னாரு, நடந்தது அது இல்லம்மா. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. உங்களுக்குக் கொடுத்த வீட்டு விஷயமாகத் துரையோடு உங்களுக்குப் பகை என்று எங்களை வேலை ஏவும் தண்டல் சொன்னதை நம்பினேன். என்றாவது நஷ்டஈட்டுப் பணத்தில் பங்கு கேட்டு வருவீர்கள் என்று காத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து உங்கள் செய்திதான் வந்தது, காஹாங்கிலிருந்து வந்த துணி வியாபாரியின் வாயால். காய்ச்சலாம். நான்கே நாளில் போய்விட்டீர்களாம். ஒரு நன்றிகூட நான் சொல்லியிருக்கவில்லை.

பால்மரம் வெட்டப் போக முடியாமல், தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவானேன். பக்கத்துப் பள்ளிக்கூடச் சத்தத்தைக் கேட்டும், பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்தும் எழுத்துக் கூட்டக் கற்றேன். படிக்கும் ஆசையால் அல்ல. இனி எந்தக் காகிதத்தையும் இன்னொருவர் சொல்லி நான் நம்பக்கூடாது என்பதால்.

இப்போது அடிபட்டவர்கள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். போன வாரம் மெஷினில் விரல் நசுங்கிய பெண் ஒருத்தி வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எதுக்குக் கேக்குறீங்க? ஆபீஸ்ல சொல்லவா?"

எனக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உங்களை நான் அப்படித்தான் பார்த்திருப்பேன். ஏன் கேட்கிறேன் என்பதை அவளுக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். அப்புறமும் அவள் நம்பவில்லை. அவள் வாய் திறக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.