தறிகள் நிற்காத நாள்

இல்லை, யாரும் சாகவில்லை. மின்சாரம்தான் போயிருக்கிறது.

நீ இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். சற்று முன்பு தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. அந்த அமைதி காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடுகிறது. தரையின் நடுக்கம் அடங்கும். குடத்துத் தண்ணீர்மேல் எந்நேரமும் ஓடும் சன்னமான வளையங்கள் மறைந்து, தண்ணீரில் கூரை தெரியும். எதிர்வீட்டுப் பெரியம்மா அரிசி களைந்த கையோடு வாசலுக்கு வந்தார்.

"ஆருங்க?"

"கரண்டுங்க பெரீம்மா" என்று யாரோ சொன்னார்கள்.

"அப்பச் செரி." உள்ளே போய்விட்டார்.

நானும் வாசலில் நின்றிருந்தேன். எப்போது எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை.

சேலத்தில், அஸ்தம்பட்டியில் நான் தங்கிப் படிக்கும் விடுதியில் மின்சாரம் போனால் மின்விசிறி மட்டும்தான் நிற்கிறது. அங்கும் எழுந்து கதவைத் திறந்துவிடுகிறேன். "யாரைத் தேடுற?" என்கிறாள் அறைத்தோழி.

வகுப்பில் அவரவர் ஊரின் வரலாற்றை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் வந்தேன். நம் ஊருக்குக் கல்வெட்டு இல்லை. கோட்டை இல்லை. எந்த அரசனும் இந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. ராசிபுரம் பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தவறிப்போகும் ஊர். இருப்பது ஒரு வழக்கம் மட்டும். தெருவில் சாவு விழுந்தால், பாடை தெருமுனையைத் தாண்டும்வரை ஒரு தறியும் ஓடக்கூடாது.

குழியில் காலை விட்டு நெய்த குழித்தறிக் காலத்தில் அதற்கு மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும். விசைத்தறி வந்தபோது கையும் காலும் செய்த வேலையையெல்லாம் மோட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள். இதை மட்டும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு ஆள் போய் சுவிட்சை இறக்கச் சொல்வார். அமாவாசைக்கும் தறி நிற்கும்தான். ஆனால் அது முன்பே தெரிந்த அமைதி. சொல்லாமல் வரும் அமைதிக்கு நம் தெருவில் ஒரே பொருள்.

இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. உனக்கு எழுதுகிறேன்.

நாம் தாவணி போடத் தொடங்கிய வருடம். இதேபோல் மின்சாரம் போனது. வாசலுக்கு வாசல் "ஆருங்க, ஆருங்க?" நீ எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஏறி நின்று, குரலை மாற்றிக் கத்தினாய்: "பெரியதனக்காரருங்க!"

தெருவுக்கே தலைவர். கோயில் வரி, கல்யாணம், தீர்ப்பு எல்லாம் அவரிடம்தான். எதிர்வீட்டுப் பெரியம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். டீக்கடையிலிருந்து துண்டை உதறிக்கொண்டு பெரியதனக்காரர் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, ஆருக்கு இந்த அழுகாச்சி?"

"உங்களுக்குத்தானுங்க!" என்றார் பெரியம்மா, அழுகையை நிறுத்தாமல்.

"அப்படீங்களா. செரி, இன்னும் ரெண்டு நல்ல வார்த்த சொல்லி அழுவுங்க. கேட்டுட்டே போறேன்."

தெரு சிரித்தது. உன் அம்மா உன் காதைத் திருகினார். நீ சிவந்த காதைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "ஏ புள்ள, நாஞ் செத்தா பாடைய மெதுவாக் கட்டச் சொல்லோணும். தேர் கட்டற மாதிரி. அத்தன நேரமும் தறி நிக்குமல்ல?"

பள்ளி முடிந்ததும் உன்னைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான் கல்லூரிக்குப் போனேன். ஓர் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த நீ திரும்பிப் போகவில்லை. உன் முழங்கைக்கு மேலே இருந்த தழும்பை ஒருமுறை பார்த்தேன். நீ முந்தானையை இழுத்துவிட்டாய். உன் அம்மா கல்யாணத்தை முறைப்படி தீர்த்துவிடச் சொல்லிக் கேட்டார். அந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்கு வரவே இல்லை. அடுத்த மாதம் என்றார்கள். பண்டிகை முடியட்டும் என்றார்கள்.

அதற்குள் நீ எங்கள் வீட்டுத் தறிப்பட்டறைக்கு வேலைக்கு வந்துவிட்டாய். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலை. விடுமுறைக்கு வந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். தறி இரைச்சலில் குரல் எடுபடாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். நான் கேட்டேன், இந்தச் சத்தம் உனக்குத் தலைவலி தரவில்லையா என்று. நீ ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்தாய்: "சத்தம் இருந்தா நல்லது புள்ள. ஆரும் சாகலைன்னு அர்த்தம்."

கனவில் வரும்போதும் உதட்டால்தான் பேசுகிறாய். அங்கே தறி ஓடுவதில்லை. ஆனாலும் எனக்குக் கேட்பதில்லை.

உனக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பங்குனியில் ஒரு காலை, உன் அம்மா வீட்டில், இந்தத் தெருவில்.

சுவிட்சை இறக்கச் சொல்லி ஆள் வரவில்லை.

உன் வாசலுக்குப் போனேன். பெரியதனக்காரர் உன் அம்மாவின் முன் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் தீர்த்து உடலீங்களே அம்மா. புள்ள அந்த ஊர்த் தலக்கட்டுக் கணக்குதானுங்க. அங்கதான் தறி நிக்கோணும். அவிய சாவை நாம எடுத்துக்கிட்டா, நாளைக்குப் பொண்ணு குடுக்கல் வாங்கல் எப்படீங்க?"

குமாரபாளையத்துக்கு ஆள் போனார். வெயில் ஏறிய பிறகு திரும்பினார். "ஊட்டை விட்டுப் போனவ எங்க கணக்குல இல்லீங்கறாங்க. அவ இருந்த ஊர்ல நிறுத்திக்கச் சொல்லீட்டாங்க."

உன் அம்மா எல்லோரையும் பார்த்தார். "அப்ப எம்புள்ள எந்த ஊர்லதான் செத்தா?"

தறிகள் ஓடின.

அந்தப் பழைய கேலிக்குப் பெரியதனக்காரர் பழி தீர்த்துக்கொண்டார் என்று என் அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உனக்கு மாலை போட்டவர் அவர். அவர் வழக்கத்தை நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பட்டறைக்கு ஓடினேன். அப்பா சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"நிறுத்துங்கப்பா."

"ஒரு ஊட்டுல மட்டும் நின்னா அது அந்த ஊட்டுச் சாவும்பாங்க சாமி. வயசுப் புள்ள நீ இருக்கற." கையை எடுத்துவிட்டார்.

உன்னை எடுத்துப் போனார்கள். பறையடிப்பவர்களின் கைகள் ஏறி இறங்குவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. இருபுறமும் தறிகள் அதைத் தின்றுவிட்டன. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டோம். உன் அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. உதட்டைப் படித்தேன். உன் பெயர்.

அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எத்தனையோ சாவு. எத்தனையோ முறை தறி நின்றது. ஒவ்வொரு முறையும் அது உனக்கு வர வேண்டிய அமைதி, வழி தவறி வேறொருவருக்குப் போவதுபோல இருக்கிறது. படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. எங்கே தங்கினாலும், எது நின்றாலும், எழுந்து வாசலுக்குப் போகிறேன். நீ இன்னும் எந்தத் தெருவையும் தாண்டவில்லை என்று தோன்றுகிறது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து பட்டறைக்குள் போனேன். மின்சாரம் இன்னும் வந்திருக்கவில்லை. அப்பா தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சுவர்ப் பலகையிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் ஒரு தறி விழித்தது. அதற்கடுத்த வீடு. அதற்கடுத்தது. எங்கள் தறிகள் அப்படியே நின்றன. அப்பா நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "சாமி" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு தறியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எதிர்வீட்டுப் பெரியம்மா தெருவைத் தாண்டி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டார். "ஏஞ் சாமி, எல்லார் ஊட்டுலயும் ஓடுது, உங்கூட்டுத் தறி ஓடல? ஆரு? உங்கூட்லயா?"

"ஆமாங்க பெரீம்மா. எங்கூட்லதான்" என்றேன்.

உன் பெயரைச் சொன்னேன்.