தகப்பன் பக்கத்துப் பிரதி

நவம்பர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துறைமுகக் களஞ்சியத்தில் ஒழுக்கு. கோதுமை மா மூட்டைகள் நனைந்து கட்டிபட்டுவிட்டன. பதினேழு மூட்டைக்குச் சிவப்புத் துண்டு கட்டினேன். துண்டு இருந்தால்தான் லொறிக்காரர் கழிவுக்கு ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் புழுத்து மணத்தாலும் தொடமாட்டார்கள்.

வாங்க: சவர்க்காரம், குடைக்குக் கம்பி, பிள்ளையின் வலிப்பு மருந்து.

கொழும்பிலிருந்து இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. மகள் தேன்மொழியினதும் தாய் ராஜியினதும். பிள்ளைக்கு நாலு வயது, இன்னும் ஒரு சொல் இல்லை. வைத்த பெயரைப் பார்! எந்நேரமும் சிரிப்பு. தண்ணீரைக் கண்டால் குதிப்பு. நித்திரை மட்டும் கிடையாது. அதில் தகப்பனுக்கு நேர்மாறு.

ராஜி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "என்னவாம்? வாசிச்சுச் சொல்லுங்கோ."

முழுக்க ஆங்கிலம். களஞ்சியக் கந்தோருக்கு வரும் கடிதமெல்லாம் மொழிபெயர்க்கிறவன் என்ற திமிர் எனக்கு. தெரிந்த ஒரு சொல்லில் விரலை வைத்தேன்.

"தாய்ப் பக்கத்துக் கோளாறாம்."

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். மத்தியானம் சாப்பிடவில்லை.

இதை இங்கே மட்டும்தான் எழுதலாம். அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. என்னால் இல்லை என்று. வெட்கம்.

நவ. 7, செவ்வாய்

தூறல். சோறு குழைந்துபோயிற்று. ராஜி பிள்ளையைத் தொடப் பயப்படுகிறாள். தலையை நான்தான் வாரினேன். வகிடு கோணல்.

"பிள்ளைத்தாச்சியா பங்கர்க் குழிக்குள்ள குப்புற விழுந்தனானெல்லோ. அதுதான்."

"அண்டைக்கு ஷெல் விழுந்தது, ராஜி. நீர் என்ன செய்யிறது?"

"முதலே இறங்கியிருந்தா விழுந்திருக்கமாட்டன். உங்களை எழுப்பிப்போட்டெல்லோ ஓடினனான். ஷெல்லுக்கும் எழும்பாத மனுசன்."

குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது. பிறகு மெதுவாக, "நீங்கள்தானே வாசிச்சனீங்கள், தாய்ப் பக்கமெண்டு."

நாளைக்கு அரைநாள் லீவு. டொக்டரிடம் கேட்க வேண்டும்.

நவ. 8, புதன்

மழை விட்டது. ராஜி வர மறுத்துவிட்டாள். நானும் தேனுவும் மட்டும்.

சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டும்போது தேனு நேவிக்காரனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "ஏன் சிரிக்கிறது?" என்றான். "வருத்தக்காரப் பிள்ளை, சேர். டொக்டரிட்டப் போறம்." அவளோ அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தாள். கடைசியில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொன்னான்.

டொக்டர் அம்மா அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். அவர் சொன்னதை மறக்கமுன் எழுதுகிறேன்.

"உடம்பில ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் பழுதான புரதங்களுக்கு, இதைக் கழி எண்டு அடையாளம் போடுற நொதியங்கள் இருக்கு. யுபிகுவிற்றின் லைகேஸ் எண்டு பேர். கன வகை. ஒண்டு பிழைச்சா நடுக்குவாதம் வரலாம், வேறொண்டு பிழைச்சாப் புற்றுநோய் வரலாம். இவவுக்கு மூளையில அதில ஒண்டு இல்லை."

"எங்கட களஞ்சியத்தில பழுதான மூட்டைக்குச் சிவப்புத் துண்டு கட்டுற மாதிரி. கட்டுற ஆள் வேலைக்கு வரேல்லை" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான்."

தாய்ப் பக்கம்? அறிக்கையில் அந்தச் சொல்லைக் காட்டிக் கேட்டேன்.

"தாயிட்ட ஒரு பிழையுமில்லை. அவவின்ர இரத்தம் சுத்தமா இருக்கு. அந்த நொதியத்தைச் செய்யிற மரபணு தாயிட்டயிருந்து ஒண்டு, தகப்பனிட்டயிருந்து ஒண்டெண்டு ரெண்டு பிரதியா வரும். பிள்ளைக்குத் தாயிட்டயிருந்து வந்த பிரதியில அந்தப் பகுதி விடுபட்டிருக்கு. அது கரு தங்க முந்தியே தானா நடக்கிறது."

"அப்ப பங்கரில விழுந்தது?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்புமில்லை."

"என்ர பிரதி?"

"முழுசா இருக்கு. ஆனா மூளையில தகப்பன்ர பிரதி நித்திரை. எல்லாருக்கும் அப்பிடித்தான். தாயின்ரதுதான் வேலை செய்யும்."

மருந்து? வலிப்புக்கு இருக்கிறது. கை கால் பயிற்சி இருக்கிறது. தகப்பன் பிரதியை எழுப்ப இன்றைக்கு ஏலாதாம். என்றைக்காவது ஏலலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் ராஜியை இருத்தி எல்லாம் சொன்னேன். பிழையாக வாசித்ததை. நிம்மதிப்பட்டதையும். அழுதாள், நெடுநேரம். நானும்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்கட பிரதி நித்திரையாமோ?"

"ஓமாம்."

"அப்ப உங்கடதுதான். இதுக்கு இரத்தம் குடுத்துச் சோதிக்கவும் தேவையில்லை."

சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் வைத்த சொதிக்கு உப்பில்லை என்று ஏச்சும் விழுந்தது. ஏச்சுக் கேட்டு இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

நவ. 9, வியாழன்

வெயில். குடைக்கம்பி இன்னும் வாங்கவில்லை.

காலையில் யாரோ மூக்கைப் பிடித்தார்கள். ஈரக்கை. அரைக்கண்ணால் பார்த்தேன். தேனு. தலை வாரி, எண்ணெய் வைத்து, வகிடு நேராக.

பின்னால் ராஜியின் குரல். "எழுப்பு பிள்ளை. அப்பாவை எழுப்பு. நல்லா உலுக்கு."

முழிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இன்னும் கொஞ்சம் உலுக்கட்டும்.